மெஹருன்னிசாவின் மூக்கு

மெஹருன்னிசாவிடம் ஒரு பொருளை விற்றுவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்த வியாபாரி பழவேற்காட்டில் கிடையாது. தராசுத் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், அதோடு விடாமல் விற்கிறவர் முகத்தையும் ஒரு தடவை உற்றுப் பார்ப்பாள். முகத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் போதும், மீனைக் கூடையிலேயே போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவாள். பால்காரர் கெட்டியாகப் பால் ஊற்றினாலும், "இன்னா, இன்னிக்கு உங்க தெரு குழாய்ல தண்ணி வரலையா?" என்று கேட்காமல் பாத்திரத்தை உள்ளே எடுத்துப்போக மாட்டாள். அவள் கணவர் அப்துல் ஷுக்கூர் படகுத்துறையில் நண்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். "நான் வூட்டுக்குள்ள வந்தா எம் மூச்சையும் மோந்து பாத்துட்டுதான் சோறு போடுவா" என்பார். அது பொய்யில்லை. ஷுக்கூர் பீடியை விட்டதே அந்த மூக்குக்குப் பயந்துதான்.

சந்தேகப் பிராணி என்று ஊரே அவளிடம் கொஞ்சம் தள்ளி நின்றது. ஆனால் பொன்னேரி சாலையில் இருக்கும் இறால் கம்பெனிக்கு அந்தக் குணம் ஒருநாள் கைகொடுத்தது. அப்போது அவள் அங்கே கொட்டகையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இறாலை உறைய வைக்கும் இயந்திரங்கள் அம்மோனியா வாயுவில் ஓடுகின்றன. அந்த வாயுக் குழாய்கள் உரிக்கிற பெண்களின் தலைக்கு மேலேயே போகின்றன. கொஞ்சம் கசிந்தால் கண் எரியும், இருமல் வரும். நிறையக் கசிந்தால் ஆள் பிழைப்பது அரிது. அன்று காலை மெஹருன்னிசா கையிலிருந்த இறாலைக் கீழே போட்டுவிட்டு, "வாடை வருது" என்றாள். மற்றவர்கள் முகர்ந்து பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. "உனக்கு எதுலதான் வாடை வரல?" என்று சிரித்தார்கள். அவள் ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து, வராதவளைத் திட்டி, வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினாள். மேற்பார்வையாளர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். அவர் கத்தி முடிப்பதற்குள் உள்ளே குழாய் பிளந்துவிட்டது. மிஷின் அறையில் இருந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், பிழைத்துக்கொண்டார். பெண்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனி அவளை உரிக்கிற மேசையிலிருந்து எழுப்பி, ஒரு நீலக் கோட்டு போட்டுவிட்டு, பாதுகாப்புச் சோதனை வேலையைக் கொடுத்தது. 'மூக்கு மெஹரு' என்று பேர் வந்ததும் அன்றிலிருந்துதான். வெளியில் முறைத்தாலும், அந்தப் பேர் அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. சந்தேகப் பிராணிக்கு ஊர் கொடுத்த ஒரே மரியாதை அதுதானே.

வேலை இதுதான். தினமும் காலையிலும் மதியமும் ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு கம்பெனியைச் சுற்றி வரவேண்டும். அவசரக் கதவுக்கு முன்னால் கூடை அடுக்கியிருக்கிறதா, வயர் எங்காவது பிய்ந்து தொங்குகிறதா, வாயு முகமூடி மாட்டின இடத்தில் மாட்டினபடி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். கடைசி வரி, 'அம்மோனியா வாடை: உண்டு, இல்லை.' அவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் அந்தத் தாள்களை டீக்கடையில் உட்கார்ந்து வாரத்துக்கு ஒரே மூச்சில் நிரப்புவார். எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, சில நாள் ஒரே டீக்கறை. மெஹருன்னிசா அப்படியில்லை. கதவுக்கு முன்னால் நின்றுதான் கதவுக்கு டிக் போடுவாள். டிக் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தும் பார்ப்பாள், ஏனென்றால் தான் இப்போதுதான் போட்ட டிக்கின் மேலும் அவளுக்கு முழு நம்பிக்கை இருக்காது.

தாளை அவள் நம்பாததற்குக் காரணமும் இருந்தது. போன வருஷம் அவசரக் கதவை மறைத்து ஐஸ் கூடைகளை அடுக்கிவிட்டார்கள். அவள் தாளின் ஓரத்தில், 'கதவு திறக்க முடியல, கூடை எடுக்கல, ரெண்டு தடவ சொல்லியாச்சு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பிறகு வெளியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று கோப்பைப் புரட்டினால், அந்தத் தேதிக்குச் சுத்தமான வேறொரு தாள் இருந்தது. எல்லாம் டிக். கீழே அவள் கையெழுத்து. ஆனால் அவள் கையெழுத்தில் வால் கீழே இறங்கும், அதில் மேலே ஏறியிருந்தது. யாரிடம் கேட்பது? கேட்டால் வேலை போகும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள், மனசை மூட முடியவில்லை.

இந்த நிலையில்தான் கம்பெனிக்கு டேப் என்கிற தொடுதிரைக் கணினி வந்தது. சென்னையில் இருக்கும் பெரிய ஆபீஸ் அனுப்பியது. மேனேஜர் முத்துராஜ் எல்லாரையும் கூட்டி வைத்து, கையில் அந்தக் கறுப்புப் பலகையைத் தூக்கிக் காட்டி, இனிமேல் பேப்பர் கிடையாது, எல்லாம் இதில்தான் என்று முழங்கினார். ஒவ்வொரு இடத்திலும் போட்டோ எடுக்க வேண்டும், எத்தனை மணிக்கு எங்கே நின்று எடுத்தது என்று அதுவே குறித்துக்கொள்ளும். வாடைக்கு ஒரு மீட்டர். காற்றில் எவ்வளவு அம்மோனியா என்று எண் காட்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் திரை சிவப்பாகும், அடுத்த நிமிஷம் சென்னையில் தெரியும். ஆனால் எடுத்த எடுப்பில் பேப்பரை விட்டுவிட வேண்டாம், ஒரு மாதம் இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும், எது மேல் என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று சென்னை சொல்லியிருந்தது. பேப்பருக்கு மெஹருன்னிசா. டேப்புக்கு மீஞ்சூரிலிருந்து புதிதாக வந்த பானுப்ரியா. டிப்ளமோ படித்த பெண், ரயிலிலும் பஸ்ஸிலும் மாறி மாறி வருகிறவள், வந்த அன்றே எல்லாரையும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"எது மேல்" என்றால் "யார் வேண்டாம்" என்று அர்த்தம் என்பது மெஹருன்னிசாவுக்கு அந்தக் கூட்டத்திலேயே விளங்கிவிட்டது. டேப் ஜெயித்தால் அவள் நீலக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மேசையில் போய் உட்கார வேண்டும். விரல் நுனி இறால் முள்ளில் கிழிந்து, ஐஸ் தண்ணீரில் விறைத்துப்போகிற வேலை. அதைக்கூடச் செய்துவிடலாம். மூக்கு மெஹரு என்கிற பேர் போய்விடுமே, அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் வேலையாகப் பானுப்ரியாவைப் பின்தொடர்ந்தாள். கேன்டீனில் குந்திக்கொண்டு திரையைத் தட்டுகிறாளா என்று பார்க்கத்தான். தூணுக்குப் பின்னால் நின்றாள், கூடை அடுக்குக்கு நடுவில் நின்றாள், ஒருநாள் கழிவறைச் சந்தில் கூட நின்றாள். அந்தப் பெண்ணோ எல்லா இடத்துக்கும் போனாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள், மீட்டரை நீட்டினாள். இது மெஹருன்னிசாவின் சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி வேலை செய்கிறாள் என்றால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்துதான் செய்கிறாள்.

"இன்னாக்கா, தூணுக்குப் பின்னாடி இன்னா தேடுறீங்க?" என்று பானுப்ரியா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"கொக்கி ஒண்ணு வுழுந்துடுச்சு" என்றாள் மெஹருன்னிசா.

"சேந்தே போலாம்க்கா. நீங்க மோந்து பாருங்க, நான் மீட்டர் பாக்கறேன்."

"நீ உன் வேலயப் பாரு, நான் என் வேலயப் பாக்கறேன்."

இரண்டாவது வாரத்தில் பிரச்சினை ஆரம்பித்தது. கொட்டகையின் வடக்கு மூலையில் மெஹருன்னிசாவின் தாள் 'வாடை இல்லை' என்றது. அதே மூலையில், அதே நேரத்தில், டேப் பதினெட்டு என்றது. அடுத்த நாள் இருபத்திரண்டு. அப்புறம் ஒருநாள் இருபத்தெட்டு, சிவப்பு. மதியம் கதவுகளைத் திறந்து வைத்ததும் இறங்கிவிட்டது. சென்னையிலிருந்து கேட்டதற்கு, பேப்பரில் வாடை இல்லை என்றுதான் இருக்கிறது என்று முத்துராஜ் சமாளித்துவிட்டார். மெஹருன்னிசா அந்த மூலையில் போய் நின்று நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தாள். ஐஸின் குளிர்ச்சி தெரிந்தது, வேறு ஒன்றுமில்லை. இந்தப் பெண் மீட்டரைச் சாக்கடை வாயில் பிடிக்கிறாளோ? இல்லை, கடையிலிருந்து வரும்போதே அதை ஏற்றி வைத்து அனுப்பிவிட்டார்களோ? சிவப்பு காட்டினால்தானே பெட்டிக்கு மதிப்பு. பேசாமல் பச்சையே காட்டிக்கொண்டிருந்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

அந்த மூலை மேசையில் உட்காருகிறவள் இந்திராணி. ஏரியிலிருந்து தள்ளி இருக்கும் கிராமத்தில் நெல் வயல் உண்டு, நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் இறால் உரிக்க வருவாள். அவள் சில நாளாகவே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"மெஹரக்கா, கண்ணு எரியுதுக்கா. தொண்ட வேற கரகரன்னு கீது."

"கையில இறால் தண்ணியோட கண்ணக் கசக்கினா எரியாம?" என்றாள் மெஹருன்னிசா. மனதுக்குள், சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்கு இது ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டாள். டேப் சிவப்பு காட்டினது இவளுக்கும் தெரிந்திருக்கும், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களோ என்னவோ. தாளில் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

வெளியே இப்படி என்றால் வீட்டில் வேறு மாதிரிப் பேஜார். மிளகாய்த் தூளில் செங்கல் தூள் கலக்கிறார்கள் என்று அவள் கடையை மாற்றினாள். மாற்றின கடையிலும் அதே கதை. குழம்பு மணக்கவில்லை என்று மசாலாவை அள்ளி அள்ளிப் போட்டாள், ஷுக்கூர் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஒருநாள் அவள் வாங்கி வந்த மடவை மீன் அழுகியிருந்தது. ஷுக்கூர் பையைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். மடவை மீனை இருட்டில் தடவிப் பார்த்தே ஏரியின் எந்தப் பக்கத்து மீன் என்று சொல்கிற ஊரில், மூக்கு மெஹரு அழுகின மீன் வாங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. விற்றவள் கடைசி நேரத்தில் பையை மாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினாள்.

பிறகு அத்தர். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது ஷுக்கூர் காதோரத்தில் ஒரு சொட்டு மல்லிகை அத்தர் தொட்டு வைத்துக்கொள்வார். பள்ளிவாசல் பக்கத்தில் தாஹா பாய் கடையில் வாங்குவது, வருஷக்கணக்கில் அதே கடைதான். அந்த வெள்ளிக்கிழமை மெஹருன்னிசா சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வந்தவள், "இன்னா, அத்தர் வெக்கலையா?" என்று கேட்டாள். வைத்திருக்கிறேன் என்றார். அவள் காதருகே முகர்ந்து பார்த்தாள். குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பச்சைத் தண்ணீர்!

தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம் பார்த்து அவள் தாஹா பாய் கடைக்குப் போனாள். குப்பியை மேசையில் தட்டினாள். "அல்லாவோட வூட்டு வாசல்ல குந்திகினு தண்ணிய வித்தா யாவாரத்துல பரக்கத் வருமா பாய்?" என்று கேட்ட கேள்வி தெருக்கோடி வரை கேட்டது. தாஹா பாய் வெள்ளைத் தாடிக்காரர், மெல்லிய மனிதர். குப்பியை முகர்ந்தார், ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார், வேறு குப்பி எடுத்துக் கொடுத்தார். ஷுக்கூர் அன்று தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கத் தெரு வழியாக வீட்டுக்கு வந்தார். மாற்றிக் கொடுத்த குப்பியும் தண்ணீர்தான். கலப்படக்காரனிடம் கேட்டால் கலப்படம்தானே கிடைக்கும் என்று அவள் அதை அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

மாதம் முடியப் போகிற சமயத்தில், ஒரு வியாழக்கிழமை மதியம், மேனேஜர் முத்துராஜ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். டேப் ஜெயித்துவிட்டது, கோட்டைக் கழற்றச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனாள். அறைக்குள் போனால் அவர் எழுந்து நின்றார்.

"வாங்க மெஹருன்னிசாம்மா. உக்காருங்க."

இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. 'இந்தாம்மா', 'ஏம்மா' என்று கூப்பிட்டவருக்கு இன்று முழுப் பேரும் வாயில் வந்தது. டீ வந்தது, அதுவும் கண்ணாடி டம்ளரில் இல்லை, தட்டு வைத்த பீங்கான் கோப்பையில். மெஹருன்னிசா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கோப்பைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"இந்த மீட்டரு சும்மா ஏமாத்து வேலம்மா. உங்க மூக்குக்கு முன்னாடி இதெல்லாம் எம்மாத்திரம்? அன்னிக்கு நம்ம பொம்பளைங்களக் காப்பாத்துனது எது, மீட்டரா? உங்க மூக்கு." அவர் மேசையில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரங்க பாக்க வர்றாங்க. இது பாட்டுக்குச் செவப்புச் செவப்பாக் காட்டினா மிஷின நிறுத்தச் சொல்லுவாங்க. சீசன் நேரம். நீங்க ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க. 'நான் தினமும் நேர்ல மோந்து பார்த்தேன், வாடை இல்ல, மீட்டர் தப்பாக் காட்டுது'ன்னு. அத்த வெச்சு டேப்ப நிறுத்திட்டுப் பழையபடி பேப்பருக்கே போயிடலாம். இந்த வேல உங்களுக்குத்தான், எப்பவும்."

அவள் மாதம் முழுக்க அல்லாவிடம் கேட்டது இதைத்தான். தட்டில் வைத்து நீட்டுகிறார். பேனாவை எடுத்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் பிறவிக்குணம் விடுமா? முகத்தைப் பார்த்தாள். அழுகின மீனை வைத்துக்கொண்டு "இப்பத்தான் வந்துச்சும்மா" என்கிறவர்கள் முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும். அது அங்கே இருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கெழம சார், எனக்கு லீவு. சனிக்கெழம காலைல எழுதித் தரேன்" என்றாள். டீயைத் தொடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது அரித்தது. டேப் வேண்டும் என்று முழங்கின இந்த ஆள் ஏன் இப்போது பேப்பருக்கு வருகிறான்? பேப்பரைக் கிழிக்கலாம். கிழித்துவிட்டு வேறு தாள் வைக்கலாம், வாலை மேலே ஏற்றிக் கையெழுத்தும் போடலாம். டேப்பில் போனது போனதுதான், சென்னையில் இருப்பதை இவன் இங்கிருந்து அழிக்க முடியாது. அது புரிந்தது. ஆனால் மூக்கு? தாளைக் கிழிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவள் மூக்கே 'இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய கள்ளனுக்குப் பிடித்த மாதிரி ஒரு மூக்கு எப்படிப் பேசும்? இவன் மனதுக்கு ஒத்த பதிலைத் தினமும் எழுதிக் கொடுத்தது யார்? இதுவரை அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் மிச்சம் இருந்தாள்.

மறுநாள் ஷுக்கூர் தொழுகைக்குப் போன பின்பு, கூட்டம் கலைகிற வரை காத்திருந்து, அவள் தாஹா பாய் கடைக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"இன்னாம்மா மெஹரு, அந்தக் குப்பியும் சரியில்லையா?"

"பாய், உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்பக் காட்டமான அத்தரு எது?"

அவர் அகில் கட்டையில் எடுத்த ஊது அத்தரை எடுத்தார். மூடியைத் திறந்ததுமே அவர் கண்ணைச் சுருக்கினார், அவ்வளவு காட்டம் போல. அவள் முகர்ந்தாள். சந்தனம் எடுத்தார். மல்லிகை எடுத்தார். பிறகு அவராகவே ஏதோ புரிந்துகொண்டு, கடைக்குப் பின்னால் போய் மண்ணெண்ணெய் கேனை எடுத்து வந்து திறந்து நீட்டினார். மெஹருன்னிசா குனிந்து இழுத்தாள். கேனின் தகரம் குளிர்ச்சியாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

பழக்கத்தில் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஏமாற்றுகிறவன் முகத்தில் இருக்கும் பளபளப்பை அங்கே தேடினாள். கிடைத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அந்த வயசான முகத்தில் பரிதாபத்தைத் தவிர எதுவும் இல்லை.

"எத்தன நாளா இப்டி?" என்று கேட்டார்.

"தெரியல பாய்." அவள் கேனை மூடி அவரிடம் கொடுத்தாள். "என்ன மன்னிச்சிடுங்க."

"அது கெடக்குது வுடும்மா. வாயு அடிக்கிற எடத்துல வருஷக்கணக்கா வேல செய்றவங்களுக்கு மூக்கு மரத்துப்போகும்பாங்க. டாக்டரப் பாரு."

டாக்டரைப் பார்க்கலாம், பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து அழுதாள். மூக்குக்காக அழுதது கொஞ்சம்தான். இந்திராணி கண்ணைக் கசக்கினதையும், தான் அவள் முன்னால் நின்று டிக் போட்டதையும் நினைத்து அழுதது அதிகம். பால்காரர், மீன்காரி, மிளகாய்க்கடை, தாஹா பாய், பானுப்ரியா என்று ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டாயிற்று. நடுவில் உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தது தன் முகத்திலேயே இருந்த ஒரு சாமான். ஷுக்கூர் வந்து, அவள் அழுவதைப் பார்த்துத் திகைத்துப்போய், யார் என்ன ஏமாற்றினார்கள் என்று கேட்டார். வழக்கமாக அவள் அழுவது அதற்குத்தான்.

சனிக்கிழமை காலை அவள் நேராக வடக்கு மூலைக்குப் போனாள்.

"இந்திராணி, உண்மயச் சொல்லு. வாடை வருதா?"

இந்திராணி உரிக்கிற கையை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எத்தினி வாட்டிக்கா சொல்றது? வருது, வருதுன்னு சொல்லிகினேதான் கீறோம். மூக்கு மெஹரே இல்லன்னு எழுதிட்டா எங்க பேச்சு எங்கக்கா எடுபடும்? நாங்களே எங்களுக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சுன்னு வுட்டுட்டோம்."

மெஹருன்னிசா தலைக்கு மேலே போகிற குழாயை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பானுப்ரியாவைத் தேடிப் போனாள். அந்தப் பெண் அப்போதுதான் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பானு, உன் டேப்ல போட்டோ எடுத்தா சென்னைக்குப் போயிடுமா? இங்க யாராலயும் அழிக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"நெசமா? முத்துராஜ் சாரால?"

"அவராலயும் முடியாதுக்கா. இன்னா ஆச்சு?"

மெஹருன்னிசா அட்டையைக் கையில் தாங்கிக்கொண்டு அன்றைய தாளை எடுத்தாள். எந்த வரியிலும் டிக் போடவில்லை. தாளின் குறுக்கே பெரிய எழுத்தில் எழுதினாள். 'எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. எத்தனை நாளாக என்று தெரியாது. வாடை இல்லை என்று நான் எழுதின எதையும் நம்பாதீர்கள். வடக்கு மூலையில் உட்காருகிறவர்களுக்குக் கண் எரிகிறது. மீட்டர் சொல்வது சரி. மெஹருன்னிசா.' கையெழுத்தின் வாலைக் கீழே நன்றாக இழுத்துவிட்டாள். தாளில் எழுதினால் கிழிப்பார்கள், டேப்பில் எழுத அவளுக்குத் தெரியாது. அதனால் தாளைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "எடு" என்றாள்.

பானுப்ரியா படித்துவிட்டு அவளைப் பார்த்தாள். "அக்கா, இத்த அனுப்பினா உங்க வேல..."

"எடுன்னு சொல்றேன்ல."

போட்டோ போனது. மீட்டர் வடக்கு மூலையில் முப்பத்தொன்று காட்டியது, அதுவும் போனது. மெஹருன்னிசா பெண்களை வெளியே வரச் சொன்னாள். அன்றைக்குப்போல யாரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை, சொன்னதும் வந்துவிட்டார்கள். முத்துராஜ் மூச்சிரைக்க வந்து, "உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டீங்களேம்மா" என்று கத்தினார். கையை நீட்டி அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். கிழிக்கும்போதே அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. சென்னை.

மிஷின் ஆட்கள் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் நெடுகப் பிடித்துக்கொண்டே போனார்கள். வாயு கசிகிற இடத்தில் அந்தப் புகை வெள்ளையாகத் திரளும். இந்திராணியின் மேசைக்கு நேர் மேலே, குழாய் இணைகிற இடத்தில், அது குபுகுபுவென்று திரண்டது. பெண்கள் வெளியிலிருந்து அதைப் பார்த்தார்கள். யாரும் மெஹருன்னிசாவை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

குழாயை மாற்றின பிறகு கொட்டகை திறந்தது. நீலக் கோட்டு பானுப்ரியாவுக்குப் போனது. மெஹருன்னிசா மேசைக்கு வந்தாள். வடக்கு மூலையில், இந்திராணிக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விரல்கள் பழைய வேலையை மறந்திருந்தன, முதல் நாளே முள் கிழித்தது. பானுப்ரியா டேப்போடு வந்து மீட்டரை நீட்டினாள். இரண்டு.

"பச்சைக்கா" என்று சிரித்தாள்.

"இந்தப் பொட்டி எப்டி வாடையக் கண்டுபுடிக்குது?" என்று கேட்டாள் மெஹருன்னிசா.

"உள்ள சென்சார் இருக்குக்கா. மூக்கு மாதிரி."

"அதுவும் தினம் இதே காத்தத்தான மோக்குது? நாளைக்கு அதுவும் மரத்துப்போச்சுன்னா ரெண்டுன்னுதான் காட்டும். எனக்கு இல்லன்னு தோணுன மாதிரி. அது செத்துப்போச்சுன்னு உனக்கு யாரு சொல்லுவாங்க?"

பானுப்ரியாவின் சிரிப்பு நின்றது. டேப்பைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். அன்று மாலை சென்னைக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை சோதனைக்கு முன்னால் அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சின்னச் சீசாவில் அம்மோனியாத் தண்ணீர் கொண்டுவந்தாள். மூலை மேசையில் வைத்து மூடியைத் திறந்து, மீட்டரை அருகே பிடித்தாள். எண் கிடுகிடுவென்று ஏறித் திரை சிவந்தது. இனி வாரா வாரம் இப்படிச் சோதித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னாள். மெஹருன்னிசா உரித்த இறாலைத் தட்டில் போட்டுவிட்டுச் சீசாவின் மேல் குனிந்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு சீசாவை இந்திராணி பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். இந்திராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள், கண்ணில் நீர் வந்துவிட்டது.

"யக்கோவ், போதும், மூடு" என்றாள்.

மெஹருன்னிசா அந்தக் கண்ணீரை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். திரையையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு சீசாவை மூடிப் பானுப்ரியாவிடம் கொடுத்து, "சரி, இப்போ எழுதிக்கோ" என்றாள்.